எட்டு மில்லிமீட்டர் பூச்சிக்கு எட்டு நொடியில் பெயரா?

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ட்யூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பழுப்பு அந்துப்பூச்சியைக் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். பாதி மங்கல். அளவு தெரியாது, எந்த ஊர், பக்கத்தில் என்ன செடி என்ற குறிப்பும் கிடையாது. படத்தை ஏற்றினால் பூச்சியின் பெயரைச் சொல்லும் செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே தட்டிவிடுகிறார்கள். இன்னொருவர் வந்து "ஆமாம், அதுவேதான்" என்கிறார். அவ்வளவுதான், அது உறுதிசெய்யப்பட்ட பதிவு ஆகிவிட்டது. எதைப் பார்த்து உறுதிசெய்தீர்கள்? சொல்லுங்கள்!

பெரிய அந்துப்பூச்சிகளை நான் சொல்லவில்லை. அரளி இலை தின்று வளரும் அந்தப் பச்சைப் பருந்து அந்துப்பூச்சியைப் படத்திலேயே சொல்லிவிடலாம். சண்டை எல்லாம் சின்னதுகளுக்காகத்தான். ஜெலக்கிடே என்ற ஒரே குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலையில் வரும் சுருள்பூச்சி, உருளைக்கிழங்கைக் குடையும் பூச்சி, சேமித்த நெல்லில் வரும் அந்து, தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014-ல் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு இன்று தக்காளி விவசாயியைப் பாடாய்ப்படுத்தும் டூட்டா அப்சலூட்டா, எல்லாம் இதற்குள்தான். டூட்டாவும் உருளைக்கிழங்குப் பூச்சியும் சாம்பல் கலந்த பழுப்பு, மேலே கரும்புள்ளிகள். செதில் கொஞ்சம் உதிர்ந்துவிட்டால் அந்தப் புள்ளியும் போச்சு. இதில் ஒன்றை மற்றொன்றாகப் பதிந்து வைத்தால், ஒரு பயிர்ப்பூச்சி எந்த மாவட்டம் வரை வந்திருக்கிறது என்று தேடுபவர் எதை நம்புவார்?

இப்படிப்பட்ட பூச்சிகளை உறுதியாகப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பல நேரம் வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, தசையெல்லாம் கரைந்த பிறகு இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். என்னைப் போல வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி அந்துப்பூச்சிகளை வரவழைக்க வெள்ளைத் துணி கட்டி விளக்கு போடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க நூல்களாவது இருக்கிறதா? ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் இந்திய அந்துப்பூச்சிகளை எழுதினார். பைராலிட் என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தோடு அது நின்றுவிட்டது, அதைவிடச் சின்னப் பூச்சிகளின் குடும்பங்கள் அதில் இல்லை. அவற்றில் ஏராளமானவற்றுக்குப் பெயர் வைத்தவர் எட்வர்டு மெய்ரிக் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர். உலகம் முழுவதிலிருந்தும் வந்த 10,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தவர், ஆனால் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கும் முறையை ஏற்காதவர். அவர் விவரித்த நம்மூர்ப் பூச்சிகளின் மூல மாதிரிகள், அதாவது அவர் எதைப் பார்த்துப் பெயர் வைத்தாரோ அந்தப் பூச்சிகள், பெரும்பாலும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிலைமை இப்படி இருக்க, நீங்கள் ஒரு மங்கல் படத்தை வைத்து இனப்பெயர் வரை போகிறீர்கள். அதுவும் எவ்வளவு தைரியமாக!

"குடும்பம் வரை சொல்லலாம், அதற்கு மேல் இந்தப் படத்தில் முடியாது" என்று எழுதினால் கோபம் வருகிறது. "தெரியலன்னா சும்மா இருங்க" என்று பதில். ஐயா, அதுதான் சரியான விடை! குடும்பப் பெயரோடு நிறுத்திய பதிவை நாளை ஒருவர் எடுத்து ஆராய முடியும். தப்பான இனப்பெயரோடு நிற்கும் பதிவை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைவிடக் கொடுமை, அந்தத் தப்பையே பாடமாகப் படித்துக்கொண்டு செயலி அடுத்த ஆளுக்கும் அதே பெயரை இன்னும் அழுத்திச் சொல்கிறது.

சமவெளி ஊர் ஒன்றில் எடுத்த சின்னப் பச்சை அந்துப்பூச்சிக்கு டார்ட்ரிக்ஸ் விரிடானா என்று பெயர் போட்டிருந்தார்கள். அது ஐரோப்பாவில் ஓக் மர இலையைத் தின்கிற பூச்சி. இங்கே ஓக் காடு எங்கே இருக்கிறது? வெண்டையிலும் பருத்தியிலும் காய்ப்புழுவாக வரும் ஏரியஸ் வகையும் அதே பச்சைதான். வெண்டைத் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டிருந்தாலும் அந்தப் புழுவைக் காட்டியிருப்பார்.

உண்மையில் ஆசை இருந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். முகத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் உணர்நீட்சிகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றனவா, நேராக நிற்கின்றனவா என்று தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். எல்லாவற்றையும்விட, சுருண்ட இலைக்குள் புழு கிடைத்தால் இலையோடு ஒரு டப்பாவில் வைத்து வளர்த்துப் பாருங்கள். எந்தச் செடியில் வளர்ந்தது, கூட்டுப்புழு எப்படி இருந்தது, எப்போது பூச்சி வெளியே வந்தது என்று எழுதி வையுங்கள். பெயரே தெரியாவிட்டாலும் அந்தக் குறிப்பு ஆய்வாளருக்குப் பயன்படும். அதுவரை, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம்" தட்டிய பதிவுகளுக்குத் திரும்பப் போய் அந்த ஒப்புதலை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.