குளிர்ந்த கையும் நோயுற்ற நரம்பும்

நரம்பில் மின்சமிக்ஞை எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையைப் பயிலும் மாணவர்கள் கருவியைத் தொடும் முன் உடற்கூற்றியலைப் படிக்க வேண்டும் என்கிறது உங்கள் கட்டுரை. மிகச் சரி. ஆனால் உடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் உடலியங்கியலை ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்களே!

கை சில்லிட்டிருந்தாலே போதும், நலமான நரம்பும் நோயுற்றது போலத் தெரியும். ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் கடத்தல் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். முன்கையில் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்ட வேண்டிய மீடியன் நரம்பு (கையின் முக்கிய நரம்புகளில் ஒன்று) 45 காட்டும். மாணவர் உடனே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்துவிட்டது என்று எழுதிவிடுவார். உணர்வு நரம்பில் பதிவாகும் மின் அலையின் உயரத்தையும் அவர் பார்க்க வேண்டும். குளிரில் சோடியம் வாயில்கள் (நரம்புக்குள் சோடியத்தை விடும் நுண்வழிகள்) மெதுவாக மூடுவதால் அலை உயர்ந்து அகலும். நோயுற்ற நரம்பில் அப்படி உயராது. கையை 32 டிகிரிக்கு மேல் சூடாக்கி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இதற்கென்றே தனிக் கட்டுரை எழுதலாம், ஐயா.