பரிமாறக் கூப்பிட்டீர்கள், படத்துக்குக் கூப்பிடவில்லை

இன்று காலை எழுந்ததும் போனை எடுத்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பழைய மாணவர் குரூப்பில் ஒரு படம். மேலே தங்க நிற எழுத்தில் ‘எங்கள் 1999 குடும்பம்’. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் இரண்டு வரிசையாகப் பதினெட்டு பேர், பதினெட்டும் ஆம்பளைங்க. ஒரு ஓரத்திலாவது யாருடைய முந்தானையாவது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. அதற்குக் கீழேயே அடுத்த மெசேஜ்: ‘படம் ஃப்ரேம் போட்டு அனைவருக்கும் தரப்படும். விழாச் செலவு தலைக்கு 1,850 ரூபாய். பாக்கி உள்ளவர்கள் இன்றைக்குள் ஜிபே செய்யவும்.’ பாக்கிப் பட்டியலில் எங்கள் ஏழு பேர் பெயரும் ஒழுங்காக, இனிஷியல்கூடத் தப்பாமல் இருக்கிறது. படம் எடுக்கும்போது மறந்து போன ஏழு பேர், பணம் கேட்கும்போது எப்படி ஞாபகம் வந்தோம்?

பழைய மாணவர் சந்திப்புக்குப் போய்வந்த பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குரூப்பில் சேர்க்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். எங்களில் இரண்டு பேருக்கு அவர்கள் நம்பரைச் சேர்க்காமல் வீட்டுக்காரர் நம்பரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மனுஷங்களுக்கும் எங்கள் வகுப்பில் என்ன வேலை? அஞ்சு வருஷம் ஒரே வகுப்பறையில் பேர் சொல்லிக் கூப்பிட்டவனெல்லாம் இப்போது ‘சிஸ்டர்’ என்கிறான். எனக்குப் பேர் இல்லையா?

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பத்து மணி என்றார்கள், பதினொன்றுக்குத்தான் ஆரம்பம். முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள், குத்துவிளக்கு ஏற்ற. ஏற்றிவிட்டு இறங்கி வந்தோம். அதற்கப்புறம் மேடையில் எங்களுக்கு வேலை இல்லை. சார்கள் மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அது நியாயம். பிறகு அட்மின் ஏற்பாட்டாளருக்கு, ஏற்பாட்டாளர் அட்மினுக்கு, இருவரும் சேர்ந்து ரேடியோ செட் கொடுத்தவருக்கு என்று ஒரு மணி நேரம் போர்த்திக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் ‘மலரும் நினைவுகள்’. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவன் நாற்பது நிமிஷம் பேசினான். மோட்டார் ரூம் கிணற்றில் குதித்தது, மதியத்துக்கு மேல் சுவரேறிப் படத்துக்குப் போனது, சார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். நாங்களும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். கக்கூஸுக்குக் கதவு இல்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு ஓடினோமே, அந்த நினைவு எந்த மைக்கில் மலரும்?

அடுத்தவன் வந்து, ‘பத்தாவதில் கணக்கில் நான்தான் ஃபர்ஸ்ட்’ என்றான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடைய கையைப் பார்த்தேன். தினசரி காலண்டர் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். அதன் பின்பக்கத்தில் நீல பேனாவில் ஆறே வரி, பேசுவதற்காக எழுதிக்கொண்டு வந்தது. வியர்வையில் முதல் வரி ஊறிப் போயிருந்தது. நூற்றுக்கு 96 வாங்கியவள் இவள். பள்ளிக்கே இவள்தான் முதல். மேடையில் இருந்த கணக்கு சாருக்கு அது தெரியும். அவன் சொன்னதைக் கேட்டதும் சார் தலையை ஆட்டிவிட்டு எங்கள் பக்கம் கையை நீட்டிக் காட்டினார், இவளைத்தான் காட்டினார். தொகுத்து வழங்கியவன் என்ன செய்தான் தெரியுமா? சார் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளை மைக்குக்குக் கூப்பிட்டுவிட்டான். சார் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆறு வரியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், அங்கே யாரும் கேட்கவில்லை, இங்கேயாவது கேளுங்கள். எங்களுடையது அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாவதோடு முடிந்துவிடும். 1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முறை வந்ததிலிருந்து எங்களைப் போன்ற ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு இந்த இடத்தில்தான் வெட்டுப்படுகிறது. மேல்நிலைப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர். சாயங்காலம் திரும்பும் பஸ் ஊருக்குள் வர ஏழரை ஆகும். பையன்கள் சைக்கிளில் டபுள்ஸ் அடித்துப் போய்விட்டார்கள். இருட்டில் பொம்பளைப் பிள்ளை வருவதா என்று எங்கள் வீடுகளில் நிறுத்தினார்கள். வகுப்பில் இருந்த பெண்கள் பதினாறு பேரில் மேலே படித்தது மூன்று பேர். டவுனில் மாமா வீடு இருந்ததால் நான் அதில் ஒருத்தி. வேடசந்தூர் பக்கம் நூல் மில்களுக்குப் பஞ்சமா? ஊருக்குள்ளேயே ஆள் பிடிக்க வந்தார்கள். மூணு வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று பேச்சு. 96 வாங்கியவளும் அந்த ஜூனிலேயே மில்லுக்குப் போய்விட்டாள்.

அதைத் தடுக்கக் கணக்கு சார் இரண்டு தடவை அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இரண்டாவது தடவை வரும்போது ப்ளஸ் ஒன் விண்ணப்பத்தை அவரே வாங்கி, பெயரை எழுதி, அப்பா கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறி வைத்துக்கொண்டு வந்திருந்தார். அப்பா போடவில்லை. இருபத்தைந்து வருஷமாக அவள் மனதில் இருந்தது அந்தப் பென்சில் குறிதான். ‘நீங்கள் வந்ததை நான் மறக்கவில்லை சார். என் மகள் காலேஜ் போகிறாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறாள், அவளைப் பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டி வர நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன்’. இதைச் சொல்லத்தான் அவள் வந்தாள். இரண்டு நிமிஷம் ஆகுமா?

ஒரு மணிக்கு மேல் அவளே கையைத் தூக்கினாள். ‘சிஸ்டர், லேடீஸ் எல்லாரையும் சாப்பாட்டுக்கு அப்புறம் மொத்தமா கூப்பிடுறோம்’ என்றான் தொகுத்து வழங்கியவன். சாப்பாட்டில் என்ன நடந்தது? பரிமாற ஆள் போதவில்லை. நேராக எங்களிடம் வந்து, ‘நம்ம வீட்டு விசேஷம் மாதிரி நினைச்சுக்கிட்டுக் கொஞ்சம் கை குடுங்க’ என்றார்கள். பதினெட்டு பேர் அவரவர் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தன் எழுந்து ஒரு வாளியைத் தூக்கவில்லை. அவள் கையில் சாம்பார் வாளி, என் கையில் அப்பளக் கூடை. அந்தக் காலண்டர் தாளை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அவள் ஊற்றினாள். கணக்கில் ஃபர்ஸ்ட் என்று சொன்னவன் இலைக்கும் ஊற்றினாள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அவன் கேட்டான்.

நாங்கள் இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது கார் கிளம்பும் சத்தம். சாருக்குச் சர்க்கரை, மாத்திரை நேரம் என்று பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்கள். அவள் கரண்டியோடு வாசல் வரைக்கும் ஓடினாள். கார் பிள்ளையார் கோவில் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. அவள் திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியில் குரூப் போட்டோ எடுத்து முடித்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ‘அடடா, நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சோம்.’ நாங்கள் அதுவரைக்கும் ஒரு வாய் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் மொத்தமாகக் கூப்பிடுவதாகச் சொன்ன மைக்கை ரேடியோ செட்காரர் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்.

நான் பணம் அனுப்பப் போவதில்லை. யார் என்ன சொன்னாலும் சரி. எங்கள் ஏழு பேர் பங்கு 12,950 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாளும் பல்பும் போடச் சொல்லப் போகிறேன். அன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன், இப்போது கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. பழைய மாணவர்கள் செய்து கொடுத்தது வாசலில் ஒரு வளைவு. அதில் பதினோரு பேர் பெயர்.

காலையில் அவளுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் கொட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ‘விடுடி, அந்தச் சாம்பார்ல உப்பே இல்ல, வாளிய தூக்கும்போதே வாசனையில தெரிஞ்சுச்சு, நான் யார்கிட்டயும் சொல்லல’ என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் குரலை இறக்கி, ‘சார் நம்பர் மட்டும் கெடைக்குமான்னு கேளேன்’ என்றாள்.

உடனே குரூப்பில் கேட்டேன். கணக்கு சார் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று தெளிவாக, இரண்டு தடவை கேட்டேன். இப்போது மணி இரவு ஒன்பதரை. மூன்று பேர் ‘இனிய ஞாயிறு’ படம் போட்டிருக்கிறார்கள், இன்று வியாழக்கிழமை. ஒருத்தர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார். அட்மின் மறுபடியும் பாக்கிப் பட்டியலைப் போட்டிருக்கிறார். நம்பர் இன்னும் வரவில்லை.