பட்டர்வொர்த்தும் நம்ம ஊர்தான்

கோலாலம்பூரில் யாராவது "எந்த ஊருங்க?" என்று கேட்டால், பட்டர்வொர்த்காரர்கள் முக்கால்வாசிப் பேர் "பினாங்கு" என்றுதான் சொல்கிறோம். தப்பில்லை, தீவும் இக்கரைப் பெருநிலமும் சேர்ந்த மாநிலத்தின் பெயர் அதுதான். ஆனால் கேட்டவர் மனத்தில் அந்த நொடியே தீவின் கொம்தார் கோபுரம் வந்துவிடுகிறது, கொடிமலை வந்துவிடுகிறது, தண்ணீர்மலை முருகன் வந்துவிடுகிறார். நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். "பட்டர்வொர்த், பாகான் ஆஜாம்" என்று சொல்ல எதற்குத் தயக்கம்? தீவில் பிறந்து வளர்ந்தவர்கள் "நாங்க தஞ்சோங்" என்று ஜார்ஜ் டவுனின் பழைய பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு தெரியும். அந்த நிமிர்வு இக்கரையில் இல்லை. எனக்கு இது பல வருட மனக்குறை.

நடுவில் இருப்பது சுமார் மூன்று கிலோமீட்டர் கடல்தான். 1894-லிருந்து ஃபெரி ஓடுகிறது. 1985-ல் பாலம் திறந்தார்கள். கார் ஏற்றிய பழைய ஃபெரிகள் 2020 கடைசியோடு நின்றன. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் நான்கு வந்தன. இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும். காலை ஃபெரியில் ஏறிப் பாருங்கள். மருத்துவமனைத் தாதி, ஹோட்டல் சமையல்காரர், கிளார்க், துணிக்கடைப் பிள்ளைகள் என்று இக்கரையின் உழைப்பு முழுவதும் அக்கரைக்குப் போகிறது. இதில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு காலத்தில் தீவிலேயே இருந்தவர்கள். 2000-ல் பழைய வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. ஜார்ஜ் டவுனில் வாடகை ஏறியது. கட்டுப்படியாகாமல் வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் பெருநிலத்தில் வீடு பார்த்து வந்தார்கள். ஆள் வந்துவிட்டார்கள், மனம் மட்டும் இன்னும் அங்கேயே குடியிருக்கிறது.

ஜார்ஜ் டவுன் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அந்த ஊர் தன் பெருமையை உழைத்துச் சம்பாதித்தது. 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது சும்மா நடந்துவிடவில்லை. பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள் என்று 1986-லேயே ஒரு மரபுடைமைச் சங்கத்தைத் தொடங்கி, மனுப் போட்டு, சண்டை பிடித்து, ஆவணம் திரட்டியவர்கள் சாதாரணக் குடிமக்கள். அதற்கும் முன்னால் போனால், மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951-ல் நடந்தது ஜார்ஜ் டவுனில்தான். 1957 ஜனவரி முதல் தேதி அது மாநகரானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன். ஒரு தமிழர்! ஸ்காட் ரோட்டுக்கு இன்று அவர் பெயர்தான். அந்தத் தெருவழியே போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழ்ப்பள்ளிகள் 28 இருக்கின்றன இந்த மாநிலத்தில். ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் அவர் படம் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

1965-ல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். அதன்பின் மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். 2012-ல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றிப் பார்த்தது; கூட்டரசு நீதிமன்றம் 2014-ல் செல்லாது என்றுவிட்டது. ஓட்டுப் போட வழியில்லாத இடத்தில் ஒரு சமூகத்தின் குரல் எப்படிக் கேட்கும்? நேரில் போய் உட்கார்ந்தால்தான் கேட்கும். ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் அமைப்பின் கூட்டம், அடுக்குமாடி நிர்வாகக் கூட்டம், மாநகர் மன்றத்தின் திட்ட வரைவுக் காட்சி எல்லாம் அதற்குத்தான். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். குறித்த காலத்துக்குள் நம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம். எங்கள் வட்டாரத்தில் இப்படிக் கூட்டம் போடும்போதெல்லாம் நம் ஆட்கள் இரண்டு பேர், மூன்று பேர். அதிலும் ஒருவர் ஃபோனில் இருப்பார்.

நமக்கு ஒற்றுமை வராது, ஒழுங்கு வராது என்று சலித்துக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தைப்பூசத்துக்கு முதல்நாள் டவுனில் நின்று பார்த்ததே இல்லையா? தேர் வருவதற்குள் சாலை முழுக்கத் தேங்காய் குவிந்துவிடும். சீனர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து நம்மோடு சேர்ந்து உடைப்பார்கள். ஓடு சிதறிக் கணுக்காலில் தெறிக்கும், இளநீர் தார் மேல் வழிந்தோடும், வெயில் ஏற ஏறப் புளித்த வாடை கிளம்பும். அத்தனைக்கும் நடுவில் மண்வாரியும் துடைப்பமுமாகப் பையன்கள் இறங்குவார்கள். மன்றத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், நம் தொண்டர்கள் ஒரு பக்கம். ஓட்டுச் சில்லு ஒன்றுகூடப் பின்னால் வெறுங்காலோடு வருபவர் பாதத்தில் குத்தக்கூடாது என்று குனிந்து குனிந்து கூட்டுவார்கள். ஒரு பையன் இரண்டு கையாலும் சில்லுகளை வழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. வேட்டி நுனியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தான். யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் பல மாதம் முன்பே கூட்டம் கூடி, வசூல் செய்து, அரிசிக்கும் காய்கறிக்கும் ஆள் பிரித்து, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகச் சமைத்து, வருகிறவன் எந்த இனம் என்று கேட்காமல் இலையில் போடுகிறார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு கடற்கரையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

2017 நவம்பர் வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க முடியாது. நான்காம் தேதி ராத்திரி தொடங்கிய மழை மாநிலத்தையே முக்கியது. ஏழு உயிர் போனது. பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கழுத்துவரை தண்ணீர் நின்ற கம்பங்கள் (கிராமங்கள்) உண்டு. எங்கள் வரிசையில் எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, பசியோடிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டார். ஹார்ட்வேர் கடை சீனர் லாரியைக் கிளப்பிக்கொண்டு வந்து வயதானவர்களை ஏற்றிப் போனார். கோயில் மண்டபம், சூராவ் (சிறு பள்ளிவாசல்), தேவாலயம் எல்லாம் கதவைத் திறந்து வைத்தன. அந்தச் சில நாள் இந்த ஊர் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்தவன் நான். இதற்கு எந்த யுனெஸ்கோ சான்றிதழும் தேவைப்படவில்லை.

அதே மக்கள் வாழும் ஊரின் கடற்கரைக்கு இப்போது வாருங்கள். பாகான் ஆஜாம், பந்தாய் பெர்சே பக்கம் கடல் வற்றும் நேரத்தில் இறங்கி நடந்து பாருங்கள். சேற்றில் பாதி புதைந்த ஒற்றைச் செருப்பு, போலிஸ்டிரின் பெட்டி, மீன்வலைத் துண்டு. அதற்கு நடுவில் நம்முடையதும் கிடக்கிறது: வாழை இலை, சாமந்தி மாலை, உடைந்த மண்சட்டி, குங்குமப் பொட்டலம், கற்பூர டப்பா, எல்லாம் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையோடு. அஸ்தி கரைக்க, கருமாதி செய்ய, நேர்த்தி முடிக்கக் கடலுக்கு வருகிறோம். அது நம் உரிமை, நம் வழக்கம், அதில் யாரும் தலையிட வேண்டாம். பூ கடலில் கரையும். பை கரையாது. பித்ருக்களுக்குச் செய்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பையை வண்டியில் போட்டு எடுத்துப் போக எத்தனை நேரமாகும்? இதைக் குருக்கள்மார் சடங்கு முடியும் இடத்திலேயே ஒரு வார்த்தை சொன்னால் நிச்சயம் மக்கள் கேட்பார்கள். நான் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

பழக்கம் மாறாது என்று சொல்லாதீர்கள். 2009-ல் திங்கட்கிழமை மட்டும் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று பினாங்கு தொடங்கியபோது கடைக்குக் கடை முணுமுணுப்பு. 2011-லிருந்து தினமும் கிடையாது என்றார்கள். இன்று எங்கள் தெரு ஆயாக்களே பையை மடித்துக் கையோடு கொண்டுபோகிறார்கள். குப்பையைப் பிரித்துப் போடுவதும் 2016 ஜூனில் அப்படித்தான் ஆரம்பித்தது.

தெலுக் பஹாங் மாசிமகத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. சிங்கமுகக் காளியம்மனைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலில் வலம் விடுகிறார்கள். ஊர் சிறியது, ஆனால் அன்று தீவின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் கூடுகிறது. டவுனில் கடல்மேல் மரக்கால் வீடுகளில் வாழும் சியூ ஜெட்டிச் சீனர்களைப் பாருங்கள். பக்கத்திலிருந்த இரண்டு ஜெட்டிகளை 2006-ல் இடித்துவிட்டார்கள். இவர்கள் விடாமல் நின்று, வருடா வருடம் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் ராத்திரி ஜேட் பேரரசர் பூஜைக்கு நீளமாக மேசை போட்டு உலகத்தையே வரவழைக்கிறார்கள். கடலோர ஊருக்குக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு திருநாள் இருந்தால், கரையைச் சுத்தமாக வைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. பட்டர்வொர்த்தில் நம் கோயில்கள் ஒன்றுகூடி இப்படி ஒன்றை யோசிக்கலாம்.

செபராங் பிறை 2019-ல் மாநகரானது. பட்டர்வொர்த்தின் பேருந்து, ரயில் நிலையமான பினாங்கு சென்ட்ரல் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. கொம்தாரிலிருந்து கடலைத் தாண்டி அங்கேயே வந்து சேரப் போகும் முத்தியாரா எல்.ஆர்.டி. பாதைக்கு 2025 ஜனவரியில் வேலை தொடங்கியாயிற்று. ரயில் வந்தால் நிலம் விலை ஏறும், பழைய பிளாட் இருக்கும் இடத்தில் கோபுரம் எழும்பும். 2000-க்குப் பிறகு டவுனில் நடந்தது இங்கே நடக்க எவ்வளவு நாளாகும்? அன்று பாகான் டாலாமிலும் மாக் மண்டினிலும் நம் குடும்பங்கள் எங்கே போகும்? இதைக் கேட்க வேண்டிய இடம் டீக்கடை இல்லை, அந்தக் கூட்ட அறை. குறைந்தது வீட்டுக்கு ஒருவராவது உங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் பெயர் கொடுங்கள். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) சந்தா இருக்கும், அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பந்தாய் பெர்சேயில், மீனவர் படகுகள் கட்டியிருக்கும் பக்கம், நாங்கள் கொஞ்சம் பேர் கூடுகிறோம். எதிர்வீட்டு மக்சிக் குடும்பமும் வருகிறது. கையுறை, சாக்கு என் பொறுப்பு. சேற்றில் கால் வைக்கப் பழைய ஷூ போட்டு வாருங்கள், பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்து வாருங்கள். தீவிலிருந்து ஃபெரியில் வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள வேன் ஒன்று பேசியிருக்கிறேன், ஆறே முக்காலுக்கு பினாங்கு சென்ட்ரல் வாசலில் நிற்கும். வருகிறவர்கள் கீழே பேர் போடுங்கள், பசியாறச் சொல்லிவைக்க வேண்டும்.