ஒதுக்கி வைத்த பாடல்கள் சொல்லும் கதை

ஆல்பங்களை ஆண்டுவிழா என்ற பெயரில் பெட்டி கட்டி மறுபடி விற்கும் வியாபாரத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அன்று வேண்டாம் என்று தள்ளிய பாட்டுக்கு இன்று பொக்கிஷம் என்று பெயர் சூட்டிவிடுவார்கள். ஆனால் அமெரிக்க ராக் இசைக்குழுவான தி பிளாக் குரோஸின் முதல் ஆல்பமான 'ஷேக் யுவர் மணி மேக்கர்' 2021இல் மூன்று குறுவட்டுகளாக விரிந்து வந்ததே, அதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

1990 பிப்ரவரியில் இந்த ஆல்பம் வந்தபோது கிடார் வாசிக்கும் ரிச் ராபின்சனுக்கு வயது 20. பாடும் அண்ணன் கிறிஸ்ஸுக்கு 23. அமெரிக்காவில் மட்டும் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றது. கூடவே ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டது: இவர்கள் பழைய பிரிட்டிஷ் ராக் குழுக்களான ரோலிங் ஸ்டோன்ஸையும் ஃபேசஸையும் அப்படியே நகல் எடுக்கிறார்கள். அவர்களும் எதையும் மறைக்கவில்லை. ஆல்பத்தின் பெயரே எல்மோர் ஜேம்ஸின் ப்ளூஸ் பாட்டிலிருந்து வந்தது. பெரிய வெற்றி பெற்ற 'ஹார்ட் டு ஹேண்டில்' சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்குடையது.

மறுவெளியீட்டின் இரண்டாவது தட்டு அந்தக் குற்றச்சாட்டுக்கு நல்ல பதில். அட்லாண்டாவில் 'மிஸ்டர் குரோஸ் கார்டன்' என்ற பெயரில் இருந்த காலத்தின் டெமோக்கள், அதாவது மாதிரிப் பதிவுகள், இரண்டு அதில் இருக்கின்றன. அந்தப் பையன்களிடம் ஸ்டோன்ஸின் முரட்டுத்தனம் இன்னும் வந்து சேரவில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் டிராகூலியாஸின் தூண்டுதலோடு பின்னால் தேடிப்போய்க் கற்றுக்கொண்ட பழமை அது. 'ஹார்ட் டு ஹேண்டில்' யோசனையும் அவருடையதுதான்.

அதைவிட முக்கியம் 'சார்மிங் மெஸ்'. முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளியிட நினைத்து, கடைசியில் ஆல்பத்திலிருந்தே தூக்கிவிட்ட பாட்டு. கேட்டவுடன் ஃபேசஸ் முகம் அப்பட்டமாகத் தெரிகிறது. ஹம்பிள் பை என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டு ஒன்றையும் பதிவு செய்துவிட்டு வெளியே வைத்திருக்கிறார்கள். நகலெடுப்பது மட்டுமே நோக்கமென்றால் இவை இரண்டும் அல்லவா முதலில் இடம் பிடித்திருக்க வேண்டும்? காரணம் எதுவாக இருந்தாலும், அந்தப் பத்துப் பாட்டுகளின் கட்டுக்கோப்பு இந்த ஒதுக்கலால்தான் வந்தது என்பது என் கட்சி.

'ஹார்ட் டு ஹேண்டில்' பாட்டுக்கு ஊதுகருவிகள் சேர்த்த வடிவமும் இருக்கிறது. சத்தம் கூடியிருக்கிறதே தவிர வேகம் கூடவில்லை. ரெடிங்கின் மூலத்தில் அந்தக் கருவிகள் செய்த வேலையை இவர்கள் கிடாருக்குக் கொடுத்ததுதானே அதன் அழகு! ஜான் லெனனின் 'ஜெலஸ் கை' பாட்டையும் பாடியிருக்கிறார்கள், பரவாயில்லை ரகம்.

குறையும் சொல்ல வேண்டும். டெமோக்களை இரண்டாவது தட்டின் தொடக்கத்திலேயே வைத்திருக்கலாம். ஒரு குழு உருவான பாதையைக் காட்டுகிறோம் என்றால் வரிசையும் அதற்கு ஒத்துவர வேண்டாமா?

மூன்றாவது தட்டு 1990 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த கச்சேரி. ஸ்டூடியோவில் அடக்கி வாசித்ததையெல்லாம் சொந்த ஊரில் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். ஸ்டீவ் கோர்மனின் டிரம்ஸ் துருத்திக்கொண்டு முன்னால் நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. சகோதரர்கள் சண்டையிட்டுப் பிரிந்து, 2019இல் சேர்ந்தபோது கோர்மன் அந்தக் குழுவில் இல்லை. மூன்று தட்டையும் கேட்க நேரமில்லாதவர்கள் இந்தக் கச்சேரியையும் 'சார்மிங் மெஸ்' பாட்டையும் மட்டுமாவது கேளுங்கள்.