ஏலம் முடிஞ்ச பிறகு விதியில கை வைக்காதீங்க

போன வாரம் நம்ம போக்கர் லீக் குரூப்ல என்ன நடந்ததுன்னு இங்க பாதி பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: நிஜ போக்கர் ஆட்டக்காரங்களை ஏலத்துல எடுத்து டீம் அமைச்சு, லாஸ் வேகாஸ்ல நடக்கற வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ல அவங்க எப்படி ஆடறாங்களோ அதுக்குப் புள்ளி எண்ணற லீக் இது. 2025 வேர்ல்ட் சீரிஸோட பெரிய போட்டியான மெயின் ஈவென்ட்ல, கடைசி ஒன்பது பேர் ஆடற ஃபைனல் டேபிள் ஓடிட்டு இருக்கும்போதே வாக்கெடுப்பு வெச்சு, மூணு மடங்கா இருந்த மெயின் ஈவென்ட் புள்ளியை ஒன்றரை மடங்கா குறைச்சாங்களே, அதைப் பத்தித்தான் எழுதறேன். குரூப்லயே பேசிப் பார்த்தேன். "விடுங்க, விளையாட்டுதானே"ன்னு ஒரு கைகூப்பற ஸ்டிக்கர் வந்தது. அதோட பேச்சு முடிஞ்சுது.

முதல்லயே சொல்லிடறேன், அந்த மெயின் ஈவென்ட்டை ஜெயிச்ச மைக்கேல் மிஸ்ராக்கி என் டீம்ல கிடையாது. இந்த மாற்றத்தால நான் ஒரு இடம் மேலதான் வந்திருக்கேன். ஆனாலும் இது தப்பு. ஏலத்துக்கு முன்னாடி எதை வேணும்னாலும் மாத்துங்க. ஏலம் முடிஞ்சா விதியில கை வைக்கக்கூடாது.

ஏன்னா ஏலத்துல நாம விலைக்கு வாங்கறது பேரை இல்ல, புள்ளியை. நம்ம லீக், பிரபல ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு நடத்தற லீக்கைப் பார்த்து ஆரம்பிச்சது. அங்க ஒரு டீமுக்கு 25,000 டாலர். நம்ம லீக்ல பைசா கிடையாது. ஆனா அமைப்பு அதேதான்: கையில கற்பனைக் காசு 200, எடுக்க வேண்டியது 8 ஆட்டக்காரங்க. மிச்சம் இருக்கற ஒவ்வொரு இடத்துக்கும் குறைஞ்சது 1 வெச்சிருக்கணும். அதனால முதல் ஆளுக்கே அதிகபட்சம் 193 வரைக்கும்தான் போக முடியும். ஷான் டீப் மாதிரி காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு எல்லாப் போட்டியிலயும் உட்காரற ஆளுக்கு விலை எகிறும். அவரை எடுத்தவங்க கடைசி மூணு இடத்தையும் 1க்கும் 2க்கும்தான் நிரப்பணும். விவரமானவங்க தங்களுக்கு வேண்டாத பெரிய பேர்களை முதல்லயே ஏலத்துல விட்டு, மத்தவங்க கைக்காசைக் கரைச்சுட்டு, தனக்கு வேண்டியவரைக் கடைசியில அமைதியா எடுப்பாங்க.

இத்தனை கணக்குக்கும் அடிப்படை புள்ளி அட்டவணை. நம்ம அட்டவணை இது: பரிசுப் பணம் கிடைக்கற இடம் வரைக்கும் வந்து பணம் வாங்கினா 2, ஃபைனல் டேபிள் வந்தா 10, மூணாவது இடம் 15, ரெண்டாவது 20, போட்டியை ஜெயிச்சுப் பிரேஸ்லெட் வாங்கினா 30. நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் டாலரும் அதுக்கு மேலயும் இருக்கற போட்டிகளுக்கு ஒன்றரை மடங்கு. மெயின் ஈவென்ட்டுக்கு மூணு மடங்கு. இதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொருத்தரும் ராத்திரி உட்கார்ந்து விலை போட்டோம்.

மெயின் ஈவென்ட் மூணு மடங்குன்னா, வெறும் பணம் வாங்கற இடத்துக்கு வந்தாலே 6 புள்ளி. அதனால வருஷா வருஷம் மெயின் ஈவென்ட்ல மூணாவது, நாலாவது நாள் வரைக்கும் நிதானமா போற ஆளுக்கு மதிப்பு கூடும். ஒன்றரை மடங்குன்னா அதே இடத்துக்கு 3தான். அப்போ பல வகை போக்கரும் ஆடற மிக்ஸ்டு கேம் ஆட்டக்காரங்க பக்கம் திரும்பணும். ராஸ், டிரிபிள் டிரா மாதிரி அதிகம் பேர் ஆடாத போக்கர் வகைகளோட பத்தாயிரம் டாலர் சாம்பியன்ஷிப்ல நூத்துச் சொச்சம் பேர்தான் உட்காருவாங்க. அங்க திறமைசாலிக்கு ஃபைனல் டேபிள் ஒண்ணும் எட்டாத தூரம் இல்ல. எல்லாரும் ஆடற ஹோல்டெம் வகையில பெரிய கட்டணப் போட்டி (ஹை ரோலர்) மட்டும் ஆடறவங்க பல பேர் சீரிஸ் பாதியிலதான் லாஸ் வேகாஸ் வருவாங்க, அவங்க விலையும் இதனால மாறும். ஒரே ஒரு எண்ணை மாத்தினா அத்தனை பேர் விலையும் மாறும். ஏலம் முடிஞ்ச பிறகு அந்த எண்ணைத் தொட்டா, எட்டு டீமோட ஏலத்தையும் செல்லாததாக்கறீங்க.

இப்போ மிஸ்ராக்கி கணக்குக்கு வரேன். 50,000 டாலர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்ல 107 பேர்ல ஒருத்தரா ஆடி ஜெயிச்சார்: 30 இன்ட்டு ஒன்றரை, 45. மெயின் ஈவென்ட்ல 9,735 பேர்ல ஒருத்தரா ஆடி ஜெயிச்சார்: 30 இன்ட்டு மூணு, 90. மொத்தம் 135. நீங்க மாத்தின கணக்குல அது 90 ஆச்சு. 45 புள்ளி போச்சு. மிஸ்ராக்கியை எடுத்து முதலிடத்துல இருந்த தம்பி மூணாவது இடத்துக்கு இறங்கிட்டான். லீக்ல சேர்ந்த முதல் வருஷம் அவனுக்கு.

"11க்கு எடுத்த ஆள், குருட்டு அதிர்ஷ்டம்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். என்னால அதைத் தாங்கிக்க முடியல. மிஸ்ராக்கி யார்னு தெரியாமலா அவன் எடுத்தான்? அதே 50,000 டாலர் போட்டியை 2010, 2012, 2018னு மூணு தடவை ஏற்கெனவே ஜெயிச்சவர். 2010 மெயின் ஈவென்ட்ல அஞ்சாவது இடம். பல வகை ஆட்டம் மாறி மாறி வர்ற போட்டியை மூணு தடவை ஜெயிச்சவர், மெயின் ஈவென்ட் ஃபைனல் டேபிள்லயும் உட்கார்ந்தவர். மூணு மடங்கு அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் யாரு? அந்தப் பேர் ஏலத்துக்கு வந்தப்ப 10ல நிறுத்தினது நாமதான். 12ன்னு சொல்ல யாரும் யாரையும் தடுக்கல.

மெயின் ஈவென்ட் லாட்டரிதானேன்னு கேக்கறீங்க. கேள்வியில நியாயம் இருக்கு. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் ஆடற ஒரே போட்டிக்கு மூணு மடங்கு கொடுத்தா, ஏழு வாரம் நடக்கற 100 போட்டியோட உழைப்பை அது விழுங்கிடும். அடுத்த வருஷம் ரெண்டு மடங்கா குறைக்கலாம்னு யாராவது சொன்னா நானே கை தூக்குவேன். ஆனா அதை மே மாசம் பேசியிருக்கணும். யாரு டீம்ல மிஸ்ராக்கி இருக்காருன்னு தெரிஞ்ச பிறகு, ஜூலையில, அவர் ஃபைனல் டேபிள்ல உட்கார்ந்திருக்கும்போது பேசக்கூடாது.

பென்னி கிளேசர்ங்கற ஆட்டக்காரர் இந்த வருஷம் மூணு பிரேஸ்லெட் ஜெயிச்சார், ஒண்ணுகூட ஹோல்டெம் போட்டி கிடையாது. மிக்ஸ்டு கேம் போட்டியில கூட்டம் கம்மி, அதுக்கும் முழுப் புள்ளி எதுக்குன்னு அப்ப யாராவது வாக்கெடுப்பு கேட்டீங்களா? இல்ல. அது சரிதான், கேட்கக்கூடாது. அதே நியாயம் இந்தத் தம்பிக்கு மட்டும் ஏன் இல்ல?

பெரும்பான்மை ஓட்டுன்னு சொல்றீங்க. ஓட்டு போட்ட ஒவ்வொருத்தருக்கும் தான் எத்தனாவது இடத்துல இருக்கோம், விதி மாறினா எத்தனாவது இடம் வருவோம்னு தெரியும். மேல இருக்கற ஒருத்தனைக் கீழ இறக்கணுமான்னு கீழ இருக்கற ஏழு பேர்கிட்ட கேட்டா என்ன பதில் வரும்?

வேர்ல்ட் சீரிஸே முடிவை மாத்தலையான்னு 2019ஐ எடுத்துக்கிட்டு வந்தாங்க. நல்ல உதாரணம், ஆனா அது உங்களுக்கு எதிராத்தான் பேசுது. அந்த வருஷம் பிளேயர் ஆஃப் த இயர்னு, அதாவது புள்ளிக் கணக்குல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர்னு, முதல்ல நெக்ரானுவை அறிவிச்சாங்க. அவர் பணமே வாங்காத ஒரு ஆன்லைன் போட்டிக்கு அவர் கணக்குல 213.1 புள்ளி தப்பா ஏறியிருந்தது பிறகு வெளிய வந்தது. அதைக் கழிச்சதும் ஆஸ்திரேலியாவோட ராபர்ட் கேம்ப்பெல் முதலிடத்துக்கு வந்தார். பட்டமும் அவருக்கே போச்சு. அங்க விதி மாறல. இருந்த விதிப்படி எழுத வேண்டிய எண்ணைச் சரியா எழுதினாங்க. நம்ம ஷீட்ல யாருக்காவது புள்ளி தப்பா ஏறியிருந்தா டிசம்பர்ல கண்டுபிடிச்சாலும் திருத்துங்க, நான் கூட நிப்பேன். தப்பைத் திருத்தறது வேற, சரியா இருந்ததை மாத்தறது வேற.

விதியில இல்லாத சங்கதியும் வரும், மறுக்கல. இந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ்ல மில்லியனேர் மேக்கர்ங்கற போட்டியிலயே வந்தது. கடைசி ரெண்டு பேர் ஆடின விதத்துல சந்தேகம் வந்து, விசாரிச்சு, பிரேஸ்லெட் யாருக்கும் இல்ல, மிச்சப் பணம் ரெண்டு பேருக்கும் சமம்னு அறிவிச்சாங்க. அவங்க நம்ம யார் டீம்லயும் இல்லாததால தப்பிச்சோம். இருந்திருந்தா 30 கொடுக்கறதா, 20 கொடுக்கறதா, ரெண்டையும் கூட்டி ஆளுக்கு 25 கொடுக்கறதான்னு நம்ம விதியில ஒரு வரி கிடையாது. அந்த மாதிரி இடத்துல அட்மின் முடிவெடுக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். மெயின் ஈவென்ட்டுக்கு மூணு மடங்குன்னு ஒரு வரி எழுதியே இருந்தது. எழுதியிருந்ததைத்தானே அழிச்சீங்க?

அட்மின் அண்ணன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஏழு வாரமா நம்ம ஊர்க் காலை நேரத்துல எழுந்து, வேகாஸ்ல ராத்திரி முடிஞ்ச போட்டிகளோட முடிவைப் பார்த்து ஷீட்ல ஏத்தினவர் அவர்தான். அதுக்கு ஒரு நன்றிகூட நாம சரியா சொல்லல. நாலு பேர் சேர்ந்து நெருக்கினதுல அவர் விட்டுக்கொடுத்துட்டார், அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அந்தத் தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. "சரிண்ணா"ன்னு போட்டுட்டு குரூப்பை விட்டுப் போயிட்டான். 100 போட்டியோட தேதியையும் வரிசையா எழுதி, ஒரு போட்டியோட ரெண்டாவது நாளும் இன்னொண்ணோட லேட் ரெஜிஸ்ட்ரேஷனும் (ஆரம்பிச்ச பிறகும் சேர விடற நேரம்) எங்க மோதுதுன்னு நிறம் போட்டு வெச்சிருந்த பையன் அவன். ஏலத்துக்கு முந்தின நாள் அந்த ஷீட்டை அவனே எல்லாருக்கும் அனுப்பினான். நாம எல்லாருமே அதைப் பார்த்துத்தான் விலை போட்டோம்.

அடுத்த சீரிஸ் எப்படியும் வரும். அதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துல எழுதுங்க: மெயின் ஈவென்ட்டுக்கு எத்தனை மடங்கு, ஆன்லைன் பிரேஸ்லெட் சேருமா, டேக் டீம்ல (பல பேர் ஒரே டீமா மாறி மாறி ஆடற போட்டி) ஜெயிச்சா முழுப் புள்ளியா பங்கா, முடிவு ரத்தானா என்ன, தப்பைத் திருத்தக் கடைசி நாள் எது. எட்டு பேரும் சரின்னு சொன்ன பிறகு முதல் பேரை ஏலத்துக்கு விடுங்க.

இந்த வருஷக் கணக்கு இன்னும் மூடல. ஷீட்ல மெயின் ஈவென்ட் கட்டத்துல 1.5ன்னு இருக்கறதை அழிச்சு 3ன்னு போடுங்க. அந்தத் தம்பியைத் திரும்ப குரூப்ல சேருங்க.