ஏட்டில் மூன்று லட்சம்

2021 ஆகஸ்ட் 15-ல் ஆப்கானிஸ்தானின் தலைநகர் காபூல் தாலிபான் கையில் விழுந்த அன்று எல்லோரும் கேட்ட கேள்வி, "மூன்று லட்சம் பேர் இருந்த படை எங்கே போனது?" "அவனுங்களுக்குச் சண்டை போட மனசில்லை" என்று நம் ஆட்களும் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. தான் 2014-ல் பதவியேற்றதிலிருந்து பாதுகாப்புப் படையினர் 45,000 பேர் இறந்துவிட்டதாக 2019 ஜனவரியில் ஆப்கன் அதிபர் அஷ்ரஃப் கனியே சொன்னார். ஐந்து வருடத்துக்குள் அத்தனை உயிர் கொடுத்தவர்களையா கோழை என்கிறோம்?

கோளாறு அந்தப் படையைக் கட்டிய விதத்தில். அமெரிக்கா கிட்டத்தட்ட 88 பில்லியன் டாலர் கொட்டி, தன் சாயலிலேயே ஒரு படையைச் செய்யப் பார்த்தது. ஆப்கன் விமானிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் கைப்பழக்கமானது ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர். அதை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் கொடுத்தார்கள். அதைப் பழுதுபார்க்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் வேண்டும். 2021-ல் அமெரிக்கப் படை கிளம்பியபோது அவர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். மலைமேல் இருக்கிற காவல்சாவடிக்கு அரிசியும் தோட்டாவும் போக வேண்டியது அந்த ஹெலிகாப்டரில்தான். சம்பளமும் மாதக்கணக்கில் வராமல், சாப்பாடும் வராமல் உட்கார்ந்திருப்பவனிடம் ஊர்ப் பெரியவர் தாலிபானின் தூதாக வந்து "தம்பி, துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ" என்றால் அவன் என்ன செய்வான்?

சீருடைக் கதை தனி. நாட்டில் காடு நூற்றுக்கு இரண்டு பங்குதான். வாங்கியதோ காட்டுப் பச்சை டிசைன். அதற்கு 28 மில்லியன் டாலர் வரை வீண் செலவு என்று 2017-ல் அமெரிக்கத் தணிக்கையே சொன்னது.

அப்புறம் அந்த மூன்று லட்சம். அதில் எத்தனை பேர் உடம்போடு இருந்தார்கள், எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தார்கள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஈராக்கில் 2014-ல் மொசூல் நகரம் ஐஎஸ் அமைப்பிடம் பறிபோன பிறகு, இல்லாத சிப்பாய்கள் 50,000 பேர் சம்பளம் வாங்குவதாகப் பிரதமர் அபாதியே ஒத்துக்கொண்டார். அங்கே அவர்களுக்கு 'விண்வெளிக்காரர்கள்' என்றே பட்டப்பெயர்.

சோவியத் ஆதரவில் ஆப்கன் அதிபராக இருந்த நஜிபுல்லாவை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 1989 பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறியதும் அவர் ஆட்சி சில மாதம்கூடத் தாங்காது என்றார்கள். ஜலாலாபாத்தில் அவரை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களையே திருப்பி அடித்தது அவர் படை. மூன்று வருடம் நின்றது. மாஸ்கோவின் பணமும் எரிபொருளும் நின்ற பிறகு, 1992 ஏப்ரலில்தான் சாய்ந்தது. அதே மண், அதே மனிதர்கள்.

2020 பிப்ரவரியில், தன் படையை விலக்கிக்கொள்வதற்கான தோஹா ஒப்பந்தத்தை காபூல் அரசை வெளியே நிறுத்திவிட்டு அமெரிக்கா தாலிபானோடு போட்டுக்கொண்டது. என்னைக் கேட்டால், படையின் முதுகெலும்பு முறிந்தது அன்றைக்குத்தான். யாருக்காகச் சாக வேண்டும் என்ற கேள்விக்கு எந்தப் பயிற்சி முகாமிலும் பதில் கிடைக்காது. தாலிபான் தரப்பில் பேச உட்கார்ந்த ஸ்டானிக்சாய், 1980-களில் நம் இந்தியாவின் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி எடுத்தவர்தானே!

நம் சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் 2017 டிசம்பரில் ஆப்கன் படையிலிருந்து 20 பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். காபூல் விழுந்த அன்று டேராடூனில் ஆப்கன் கேடட்கள் இருந்தார்கள். பயிற்சி தொடர்ந்து நடந்தது. முடித்துவிட்டுப் போய்ச் சேர அவர்களுக்குப் படைதான் இல்லை.