ராக் ஐலண்டைத் தவிர்த்தால் பாதிக் கதை போச்சு
அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் மோலினில், டிராக்டர் செய்யும் ஜான் டீர் கம்பெனியின் கலப்பைக் கதையைப் பார்த்துவிட்டால் போதும், பக்கத்து ஊரான ராக் ஐலண்டை விட்டுவிடலாம் என்று இந்தப் பயணக் கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் வந்ததே இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டுக்கும் எதிர்க்கரையில் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டுக்கும் இடையில்தான், 1856 ஏப்ரலில். திறந்த சில நாட்களிலேயே, மே 6 அன்று, எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு அதன் தூணில் மோதித் தீப்பிடித்தது, பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்துபோனது. படகு முதலாளி வழக்குப் போட, பாலக் கம்பெனிக்காக 1857இல் சிகாகோ நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன், அப்போது வெறும் வக்கீல்! ஜூரிகள் ஒத்துப்போகாததால் தீர்ப்பே வரவில்லை. இதை விட்டுவிட்டு டிராக்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா? நான் போனபோது டாவன்போர்ட் கரையில் நின்று 1896இல் கட்டிய இப்போதைய பாலத்தைப் பார்த்தேன், மேல்தட்டில் ரயில், கீழ்த்தட்டில் கார்கள். சரக்குப் படகு வந்ததும் கார்களை நிறுத்திவிட்டு நடுப்பகுதி அப்படியே பக்கவாட்டில் மெதுவாகச் சுழன்றது, படகு போய் முடிகிற வரை என் பக்கத்தில் நின்ற சின்னப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ஒருவர், கட்டுரையின் வரைபடத்தில் அயோவா வடக்கே இருப்பது தப்பு, அது மேற்கில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தப்பில்லை, ஆறு இந்த இடத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது, அதனால் அயோவா வடகரை, இல்லினாய் தென்கரை. நானும் முதல் நாள் திசை தெரியாமல் திண்டாடியவன்தான்.